குடை எடுக்கலாமா என்று யாரைக் கேட்பது?

அதிகாலை ஐந்து மணிக்குப் படலையைத் திறந்துகொண்டு வெளியே இறங்குவது கடந்த சில ஆண்டுகளாக எனது வழக்கமாகிவிட்டது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டதென்று கூறி வைத்தியர் விதித்த தண்டனை இது. முதல் ஆறு மாதங்களும் தண்டனையாகவே இருந்தது. இப்போது ஒரு நாள் நடக்காவிட்டால் அன்றைய பொழுதே கோணலாகப் போய்விட்டதுபோல் தோன்றுகிறது.

கல்லடியிலுள்ள எனது வீட்டிலிருந்து முதலில் கிழக்கே கடற்கரைக்கு. திருச்செந்தூர் முருகன் ஆலயத்தைக் கடந்து, கரைவலைத் தோணிகள் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் இடம்வரை மணலில் நடை. பின்னர் மேற்கே திரும்பி, ஆளுநர் மெனிங்கின் மனைவியின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கும் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்தபடி வாவியைக் கடந்து, காந்தி பூங்காவில் ஐந்து நிமிடம் அமர்ந்து எழுந்து, அதே வழியில் வீடு. மட்டக்களப்புக்கு வரும் வெளியூர்ச் செய்தியாளர்கள் அந்தப் பாலத்தில் நின்று பாடும் மீனைப் பற்றி எழுதிவிட்டுப் போவார்கள். நான் மீனைப் பற்றி எழுத வரவில்லை. குடையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்.

படலையடியில் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரே கேள்விதான். குடையை எடுப்பதா, விடுவதா? சின்னக் கேள்வி. ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்கு விடை சொல்வதற்கு இந்நாட்டில் ஒரு திணைக்களம் இருக்கிறது. அதற்கு அதிகாரிகள் இருக்கின்றனர். வானத்தில் செய்மதிகள் சுற்றுகின்றன. எனது சட்டைப்பையில் ஒரு கைத்தொலைபேசி கிடக்கிறது. இவ்வளவும் இருந்தும் நான் கடைசியில் விடை பெறுவது கடற்கரையில் வலைக்கயிறு திருத்திக்கொண்டிருக்கும் எழுபது வயது மனிதர் ஒருவரிடமிருந்துதான். இது அந்த மனிதருக்குப் பெருமை. மற்ற எல்லோருக்கும் வெட்கம். அந்த வெட்கத்தில், முப்பது ஆண்டுகள் தமிழ்ப் பத்திரிகைத் தொழில் பார்த்த எனக்கும் பங்கிருக்கிறது. அதனாற்றான் எழுதுகிறேன்.

வானொலியைத் திறந்தால் நாம் கேட்பது என்ன? கிழக்கு, ஊவா மாகாணங்களின் சில இடங்களில் பிற்பகலிலோ இரவிலோ மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும் என்ற பாணியில் ஒரு வாக்கியம். மார்ச்சிலும் அதுதான், ஒக்ரோபரிலும் அதுதான். இந்த வாக்கியம் ஒருபோதும் பொய்யாவதில்லை. அதுவே அதன் குற்றம். கிழக்கு மாகாணம் என்பது புல்மோட்டையிலிருந்து பாணமை வரை நீண்டு கிடக்கும் கரை. வாகரையில் வெள்ளம் நிற்கும் நாளில் கல்லடியில் மணல் பறப்பதுண்டு. சில இடங்கள் என்று சொல்லிவிட்டால் எங்கோ ஓரிடத்தில் பெய்தே தீரும். பெய்யாவிட்டாலும், பெய்யக்கூடும் என்றுதானே சொன்னோம் என்று கையை விரித்துவிடலாம்.

முன்னறிவிப்பு இலகுவான காரியம் என்று நான் வாதிடவில்லை. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள தீவொன்றில், பகல் வெக்கையில் திடீரெனத் திரண்டு ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் முகில் எந்தத் தெருவுக்கு மேலே உடையும் என்று முதல் நாளே சொல்ல எந்த நாட்டு விஞ்ஞானியாலும் இயலாது. நான் தெருவைக் கேட்கவில்லை. மாகாணத்தைவிடச் சற்றுச் சிறியதாக ஒன்றைக் கேட்கிறேன். எனது முறைப்பாடு விஞ்ஞானத்தின் மீதல்ல. எங்கிருந்துகொண்டு, யாரை நோக்கி, எந்தத் தமிழில் பேசுகிறார்கள் என்பதன் மீது.

எங்கிருந்து என்பதற்கு மே மாதத்தைப் பாருங்கள். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி தொடங்கியதும் மழைக்காலம் பிறந்துவிட்டதென்று கொழும்புத் தொலைக்காட்சிகள் நனைந்த பாடசாலைப் பிள்ளைகளைக் காட்டும். அதே நாட்களிற்றான் எங்களுக்குக் கச்சான் தொடங்குகிறது. ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் தென்மேற்குக் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் நீரையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது காய்ந்து, சூடேறி எங்களிடம் வந்து சேர்கிறது. வட்டவளையை நனைத்த அதே காற்றுத்தான் படுவான்கரை நிலத்தை வெடிக்க வைக்கிறது. பகலில் வெப்பம் 35 பாகையைத் தாண்டும். காலை ஏழு மணி வெயிலே முதுகைச் சுடும். கச்சான் மாதங்களில் எங்கள் நடை ஆறரை மணிக்குள் முடிய வேண்டும். பிந்தினால் நடையல்ல, வேக்காடு. வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களிலே குளிர்த்தி பாடப்படுவது இந்த வெக்கைக்கு நடுவிற்றான். அம்மனை ஏன் குளிர்விக்க வேண்டும் என்று கச்சானில் ஒரு நாள் நடந்தவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் மாரி அங்கே பருவப்பெயர்ச்சிப் பேச்சு முடிந்தபின் வருகிறது. வருடத்து மழையிற் பெரும்பங்கு ஒக்ரோபர் பிற்கூறிலிருந்து ஜனவரி வரையான நாட்களில் எங்களுக்குக் கிடைப்பது. அந்நாட்களின் பிற்கூறில் கொழும்புக்குத் தெளிந்த வானம், நத்தார்க் கடைவீதி. தலைநகரின் கூரையில் விழாத மழை தேசிய மழையல்ல.

சூரியன்கூட எங்களிடம் கொழும்பைவிட ஏழு நிமிடம் முந்தி வருகிறது. மே மாதக் கடைசியில் காலை 5.45 அளவில் கடலுக்கு மேலே எழும்பிவிடும். ஜனவரிக் கடைசியில் 6.20ஐத் தாண்டும். ஆனால் எங்கள் கடிகாரமும் ஒரு காலத்தில் வானிலையின் பெயராற் கொழும்பிலிருந்தே திருப்பப்பட்டது. 1996இல் வரட்சியினால் நீர்மின் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று மே மாதத்தில் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்ரோபரில் அரை மணியைத் திருப்பித் தந்தார்கள். மற்ற அரை மணி 2006 ஏப்ரலிற்றான் வந்து சேர்ந்தது. புலிகள் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளிற் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டனர். ஆகவே வாவிக்கு இக்கரையில் ஒரு நேரம், அக்கரையில் இன்னொரு நேரம். சூரியன் எழும் கரையை எழுவான்கரை என்றும் படும் கரையைப் படுவான்கரை என்றும் பெயரிட்டு அமைதியாக வாழ்ந்த முன்னோர் கண்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த ஆண்டுகளில் ஐந்து மணி இருட்டில் உலாப் போனவன் ஊரில் ஒருவனும் இல்லை என்பது வேறு கதை. ஊரடங்கும் காவலரணும் சுற்றிவளைப்பும் உள்ள ஊரில் இருட்டில் நடப்பவனுக்கு நீரிழிவைவிடப் பெரிய ஆபத்துகள் இருந்தன.

இனி மொழிக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகைக் காலை. கடல் கறுத்துக் கிடந்தது. கரைவலைக்காரர் என்னைக் கண்டதும், “என்ன தம்பி, போனில என்ன சொல்றாங்க?” என்று கேட்டார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருமையாக வாசித்தேன். தென்கிழக்கு வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம். அது மேலும் வலுவடையக்கூடும். காற்றின் வேகம் இடைக்கிடையே மணித்தியாலத்துக்கு 60 முதல் 70 கிலோமீற்றர் வரை அதிகரிக்கும். அவர் கயிற்றை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அது சரி தம்பி. ஓலை பிய்யிற காத்தா, மரம் விழுத்துற காத்தா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருடம் இப்படியான வாக்கியங்களைத் திருத்தி, தலைப்பிட்டு, அச்சுக்கு அனுப்பியவன் நான். எழுபது கிலோமீற்றர் காற்று ஒரு தென்னை மரத்தை என்ன செய்யும் என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். 1805இல் பிரான்சிஸ் போபோர்ட் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி காற்றுக்கு ஓர் அளவுத்திட்டம் வகுத்தார். அவர் வேகத்தை அளக்கவில்லை. காற்று ஒரு போர்க்கப்பலின் பாய்களை என்ன பாடுபடுத்தும் என்பதைப் பார்த்தே பூச்சியம் தொடங்கிப் பன்னிரண்டு வரை இலக்கமிட்டார். பின்வந்தோர் அதைத் தரைக்கும் விரித்து, மரத்தையும் புகையையும் குடையையும் கொண்டு விவரித்தனர். ஆம், குடையும் அதில் வருகிறது. ஆறாம் இலக்கக் காற்றில் குடை பிடிப்பது கடினம். மணித்தியாலத்துக்கு 62 முதல் 74 கிலோமீற்றர் வரையான காற்று எட்டாம் இலக்கம். மரங்களின் சிறு கிளைகள் முறியும், எதிர்த்து நடப்பது சிரமம். 118 கிலோமீற்றரில் பன்னிரண்டாம் இலக்கம் தொடங்கும், அது சூறாவளி.

ஆக, கரைவலைக்காரர் கேட்டது படிக்காதவனின் கேள்வியல்ல. பிரித்தானியக் கடற்படை இருநூறு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்வி. அதற்கு விடை இருக்கிறது. அந்த விடையை ஒரு வரித் தமிழில் அறிக்கையோடு சேர்த்துச் சொல்ல எத்தனை கோடி ரூபா செலவாகும்? பொத்துவிலிலும் புத்தளத்திலும் டொப்ளர் ராடர் அமைப்பதற்கு ஜப்பானிய உதவி பெற 2017இல் உடன்படிக்கை செய்தார்கள். ராடர் நல்ல பொருள்தான். அது கண்டதைக் கரைவலைக்காரருக்குச் சொல்லும் வாய்க்கு ஜப்பானிடம் உதவி கேட்க முடியாது.

மழையும் இப்படித்தான். 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை என்று வாசிக்கிறார்கள். ஒவ்வொரு சதுர மீற்றர் நிலத்திலும் 100 லீற்றர் தண்ணீர் என்பது அதன் பொருள். நூறு சதுர மீற்றர் கூரையுள்ள வீட்டில் பத்தாயிரம் லீற்றர். ஒரு பெரிய தண்ணீர் பவுசர். அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தத் தண்ணீர் எந்த மதிலை இடித்துக்கொண்டு எந்த வளவுக்குள் போகும் என்று அடுத்த நிமிடமே கணக்குப் போட்டு, அரிசிப் பானையை மேலே ஏற்றிவிடுவார்கள். மில்லிமீற்றரில் சொன்னால் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்கள். உன்னிச்சைக் குளத்தில் வான்கதவு திறந்தாயிற்றா, உறுகாமம் எப்படி, நவகிரி எப்படி, முகத்துவாரம் வெட்டப் போகிறார்களா இல்லையா: இந்த ஊரில் மழையென்றால் இவைதான் பேச்சு. முகத்துவாரத்தை வெட்டினால் வயற்காரருக்கு உயிர். அவசரப்பட்டு வெட்டினால் வாவியில் வலைவீசுபவருக்கு நட்டம். 2011 ஜனவரி வெள்ளத்தில் நாடு முழுவதிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். எங்கள் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டவற்றுள் ஒன்று. அந்த வெள்ளத்தின் கணக்கு முழுவதும் மில்லிமீற்றரிற்றான் இருக்கிறது.

மழையையும் காற்றையும் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு, நடந்தோமா வந்தோமா என்று இருக்கக்கூடாதா என்று வாசகர் கேட்கலாம். வேறு பேச்சில்லாதவர்கள் வானிலையைப் பற்றிப் பேசுவதாக ஓர் எண்ணம் உண்டு. எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் தபாலதிபர் ஒருவரும் இருக்கின்றனர். மூவரும் தினமும் வானத்தைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குகிறோம். மூவர் வீட்டிலும் வானிலையினாற் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

1978 நவம்பர் 23ஆம் திகதி எனக்கு எட்டு வயது. அன்று மாலை அப்பா வழமைபோல வானொலியிற் செய்தி கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, கிணற்றடிக் கொடியிற் காய்ந்த உடுப்புகளை எடுத்துவரும்படி அக்காவிடம் சொன்னார். அவருக்கு விளங்கிய எச்சரிக்கை அவ்வளவுதான். நள்ளிரவுக்கு முன்னர் கூரை போய்விட்டது. ஒன்பது பேர் ஒரு குறைச்சுவரோடு ஒண்டிக் கிடந்தோம். விடிந்து பார்த்தபோது தென்னைகளுக்குத் தலையில்லை. ஊருக்கு மேலே வானம் தேவையில்லாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. அப்பாவின் தமையனார் சுவர் விழுந்து இறந்திருந்தார். அந்த ஓரிரவில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர் என்பதையும் மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதி அழிந்தது என்பதையும் பிற்காலத்தில் வாசித்து அறிந்தேன். உடுப்பு எடுக்கச் சொன்ன அப்பாவின் குரலை வாசித்து அறியத் தேவையில்லை.

மற்றது எனது சொந்தக் குற்றம். இதை இதுவரை எழுதியதில்லை.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையுங்கூட. நான் அப்போது கொழும்பில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தேன். முந்திய இரவு காரியாலயத்திலேயே தங்கிவிட்டேன். காலை எட்டு மணியளவில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் குறிப்பு வந்தது: சுமாத்திராவுக்கு அப்பால் கடலில் பாரிய நிலநடுக்கம். எங்கள் நேரப்படி அது நிகழ்ந்தது 6.59க்கு. சுமாத்திராவின் அந்த இடத்துக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் கடல் மட்டுமே இருக்கிறது. தடுக்க ஒரு தீவுகூட இல்லை. நான் அந்தக் குறிப்பை வாசித்தேன். மறுநாள் மூன்றாம் பக்கத்துக்கு ஆகும் என்று வெளிநாட்டுச் செய்திக் கூடையில் போட்டேன். பின்னர் தேநீர் குடிக்கப் போனேன். அலை எங்கள் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. ஒன்பதரைக்கு மருமகன் தொலைபேசியில் அழுதான். “மாமா, கடல் ஊருக்குள்ள வந்திட்டு.” நாவலடியில் எனது சின்னம்மாவும் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும் போய்விட்டிருந்தனர்.

அன்று யாருக்குத்தான் சுனாமி என்ற சொல் தெரிந்திருந்தது என்று நண்பர்கள் ஆறுதல் சொல்வார்கள். மெய்தான். முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரை இழந்த இந்நாட்டில் அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆயினும் நான் தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி. கடல்கோள் என்ற சொல்லைப் பரீட்சைக்குப் படித்தவன். பழந்தமிழ் நிலத்தைக் கடல் கொண்டது என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவன். கடலடி நிலநடுக்கம் என்ற செய்தியையும் அந்தச் சொல்லையும் ஒன்றுசேர்க்கும் அறிவு எனக்கிருக்கவில்லை. எங்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் வானிலையும் கடலும் செய்தியாக இருந்ததில்லை. அவை இடம் நிரப்பும் பொருள். விளம்பரம் வராவிட்டால் மூலையில் வானிலைக் குறிப்பைப் போடுவோம். கடைசி நேரத்தில் மரண அறிவித்தல் ஒன்று வந்தால் அதைத் தூக்கிவிடுவோம். எத்தனை தடவை என் கையாலேயே தூக்கியிருக்கிறேன்.

2012 ஏப்ரல் 11இல் அதே சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடலடி நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது; கரையோரச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது; நல்லவேளையாகப் பேரலை வரவில்லை. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஒரு பேரழிவுக்கு ஒரு பாடம் என்ற கணக்கில் நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம் போலும். காற்றுக்கும் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் இன்னும் வகுப்பு நடக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏமன் நாடு கொடுத்த பெயர் அது. சொக்கோத்திராத் தீவிலுள்ள ஒரு கடலேரியின் பெயர். வாவியூர்க்காரரைத் தேடி வாவியின் பெயரிலேயே ஒரு புயல். எங்கள் கரையை உரசிக்கொண்டு ஏறிய அந்தப் புயல் பெரும் உயிர்ப்பலி கொண்டது மலைநாட்டிலே. நாடு முழுவதிலும் மாண்ட 600க்கும் மேற்பட்டோரிற் பெரும்பாலோர் கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மாவட்டங்களில் மண்சரிவிலும் வெள்ளத்திலும் அகப்பட்டவர்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த எச்சரிக்கைகள் தமிழிற் பிந்தி வந்தன, அல்லது வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு அந்நாட்களில் பரவலாக எழுந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் 13ஆம் திருத்தம் சொல்லி நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை என்றால் நாங்கள் படமெடுத்துப் போட்டுச் சிரிக்கிறோம். இங்கே பிழை எழுத்தில் இல்லை. லயத்துக்கு மேலேயுள்ள மலை நள்ளிரவில் இறங்கும்போது மொழிபெயர்ப்பாளர் காலை எட்டரைக்கு வேலைக்கு வருவார் என்பதே பிழை.

அந்த வெற்றிடத்தை யார் நிரப்புகிறார்கள்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா தமது முகநூற் பக்கத்தில் தமிழில், எங்கள் மாவட்டங்களின் பெயர் சொல்லி, மீனவருக்கும் விவசாயிக்கும் விளங்க எழுதி வருகிறார். எங்கள் நடைக் கூட்டத்தில் அவருடைய குறிப்பை வாசிக்காமல் படலை தாண்டுவோர் குறைவு. அவருக்கு எனது வணக்கம். ஆனால் ஒரு நாட்டின் தமிழ் பேசும் மக்கள் தங்கள் உயிர்க்காப்புக்கு ஒரு விரிவுரையாளரின் தனிப்பட்ட பக்கத்தை நம்பியிருப்பது யாருக்குப் பெருமை? அவர் ஒரு கிழமை காய்ச்சலிற் படுத்தால் கிழக்குக்கு வானிலை இல்லையா?

அவர் நிதானமாக எழுதுவதை எடுத்து எங்களவர் செய்வது இன்னும் கொடுமை. ஒரு தாழமுக்கம் உருவாகும் சாத்தியம் என்று அவர் எழுதினால், அடுத்த அரை மணியில் மட்டக்களப்பை விழுங்க வருகிறது பேராபத்து என்ற ரீதியில், வேறெங்கோ எடுத்த அலைப்படத்துடன் இணையத்தளங்களில் தலைப்பு வந்துவிடும். யூரியூப்காரர் சைரன் ஒலியும் சேர்த்துக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டு ரொறன்ரோவிலிருந்து மச்சாளும் லண்டனிலிருந்து பழைய மாணவரும் நடுச்சாமத்தில் அழைக்கிறார்கள். “அண்ணன், அங்க கடல் வந்திட்டாமே?” நான் படலைக்கு வெளியே எட்டிப் பார்த்து, நிலவு எறிக்கிறது பிள்ளை என்று சொல்லிவிட்டுப் படுக்கிறேன். புலம்பெயர்ந்த உறவுகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் எத்தனை மணிக்குப் பனி கொட்டும் என்று நகரசபை சொல்லி, அதை நம்பி நீங்கள் சப்பாத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அந்த நம்பிக்கை எங்களுக்கு இல்லாததாற்றான் இந்த வியாபாரம் நடக்கிறது. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு பார்வைக்கும் அவர்களுக்குக் காசு. எங்களுக்கு நடப்பது வேறு. பத்துத் தடவை ஓநாய் வந்ததென்று கேட்ட சனம் பதினோராவது தடவை பாயைச் சுருட்டுவதில்லை. டிசம்பர் பிறந்தால் யாரோ ஒருவன் கிணற்றில் நீர் ஏறிவிட்டதென்று வட்ஸ்அப்பில் அனுப்ப, சனம் ஓடிக் களைத்துத் திரும்பிய இரவுகளை இந்த ஊர் கண்டிருக்கிறது. பொய்யைப் பரப்பியவனைவிட, மெய்யைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதவனுக்கே அதில் பெரும்பங்கு.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. மட்டக்களப்பிலேயே ஒரு வானிலை அவதான நிலையம் இருக்கிறது. அங்கே மழையை அளக்கிறார்கள், காற்றை அளக்கிறார்கள். அந்த எண்கள் கொழும்புக்குப் போய், நாட்டுக்குப் பொதுவான அறிக்கையாகி, மொழிபெயர்ந்து எங்களிடம் திரும்புகின்றன. கல்லடியில் பெய்த மழையின் அளவைக் கல்லடிக்காரன் கொழும்பு சுற்றி அறிகிறான். அதற்குப் பதிலாகத் தோணி இறங்குமுன், காலை நாலரை மணிக்கு, தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் இங்கிருந்தே வானொலியிற் பேசட்டும். வாகரை முதல் களுவாஞ்சிகுடி வரை கடல் எப்படி, காற்று கொண்டலா வாடையா கச்சானா, அது ஓலை பிய்க்கும் காற்றா மரம் விழுத்தும் காற்றா என்று ஐந்து நிமிடம் பேசினாற் போதும். நேற்றுச் சொன்னது பிழைத்தால், பிழைத்தது என்றும் சொல்லட்டும்; ஊர் அவரை மன்னித்து அடுத்த நாளும் கேட்கும். தமிழ்ப் பத்திரிகைகள் அந்த மூலையை விளம்பரத்துக்குத் தூக்காமல் விடட்டும். எனது பழைய ஆசிரிய நண்பர்கள் இதை வாசித்தால், இது அவர்களுக்கும்தான்.

காற்றின் பெயர்கள் ஒரு காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடமில்லாமலே தெரிந்திருந்தன. சென்ற வருடம் எங்கள் தெருவிலுள்ள பத்தாம் வகுப்பு மாணவனிடம் கச்சான் என்றால் என்ன என்று கேட்டேன். “கோயில் திருவிழாவில விக்கிறது, சேர்” என்றான். நிலக்கடலைக்கும் அதுதான் பெயர். பையனைக் குறை சொல்ல முடியாது.

கடந்த மார்கழியில் ஒரு நாள். வானம் வெளித்திருந்தது. குடையை வைத்துவிட்டு இறங்கினேன். கரைவலைக்காரர் என்னைக் கண்டு, மூக்கை ஒருமுறை கிழக்கே நீட்டி, “கொண்டல் இழுக்குது தம்பி. பாலத்துக்குப் போகாம வீட்ட போங்க” என்றார். அன்றைக்கு ஏனோ எனக்கு வீம்பு. கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். திரையில் முழுச் சூரியன், ஒரு முகிற் துண்டுகூட இல்லை. காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமற் கயிற்றுக்குத் திரும்பிவிட்டார்.

பாலத்தின் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் ஒதுங்க ஒரு கூரை இல்லை. தபாலதிபர் தனது குடையில் பாதியைத் தந்தார். அது காற்றுக்கு மறுபக்கமாக விரிந்து கொண்டது. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டியபின், நனைந்த கைத்தொலைபேசியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். சூரியன் இன்னும் அங்கேயே இருந்தது. படத்துக்கு மேலே சின்ன எழுத்தில் கொழும்பு என்றிருந்தது.